இராசையாவின் செவிட்டுச் சுவர்

உலகத்தில் சத்தம் போடுகிறவர்கள் என்று ஒரு கூட்டம் உண்டு. அவர்களால் ஊருக்குப் பெரிய தொல்லை கிடையாது. போட்டு முடித்ததும் ஓய்ந்துவிடுவார்கள். தொல்லையெல்லாம் 'எனக்குச் சத்தம் ஆகாது' என்று சொல்லிக்கொண்டு திரிகிற இன்னொரு கூட்டத்தால்தான். சத்தம் ஆகாதவர் ஓய்வதே இல்லை.

இவரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கோயில் திருவிழாவில் தவில்காரருக்கு முழங்கால் இடிக்கிற தூரத்தில் போய் உட்கார்ந்துகொண்டு காதைப் பொத்திக்கொள்பவர் இவர்தான். கல்யாண வீட்டில் ஒரு குழந்தை சிணுங்கினால், அந்தச் சிணுங்கல் இருந்த இடம் தெரியாமல் போகும்படி, "யார் வீட்டுப் பிள்ளை அது?" என்று பந்தல் அதிரக் கேட்பவரும் இவரேதான். சாவு வீட்டில் மெதுவாக அழச் சொன்னவரும் இருக்கிறார்.

இவருடைய காது எல்லாச் சத்தத்தையும் வாங்காது. இடி இடிக்கலாம், கெடா மாநிலத்து மழை தகரக் கூரையில் கூடை கூடையாகக் கல்லைக் கொட்டுவது போலக் கொட்டலாம், ரப்பர் ஆலையின் இயந்திரம் விடியற்காலையிலிருந்து தடதடக்கலாம். அதற்கெல்லாம் கீழே படுத்துக் குழந்தைபோலத் தூங்குவார். துரை பங்களாவில் நாய்கள் குரைத்தால், "நல்ல சாதி நாய், என்ன தொண்டை!" என்று மெச்சுவார். ஆனால் பக்கத்து வீட்டில் ஒரு கரண்டி கீழே விழட்டும். தீர்ந்தது. அன்றைக்கு அவருக்குத் தலைவலி, சோறு இறங்காது, நாடு உருப்படாது. ஏன் அப்படி? இவர் காதில் சத்தம் விழுவதில்லை. அதைப் போட்டது யார் என்பதுதான் விழுகிறது.

இந்த இனத்தில் தேர்ந்த மாதிரி ஒருவர் வேண்டுமானால் இராசையாவைச் சொல்லலாம்.

வெள்ளைக்காரத் துரைமார் குதிரையிலிருந்து இறங்கிக் காரில் ஏறிக்கொண்டிருந்த காலம். பாடாங் செராயிலிருந்து உள்ளே போகிற செம்மண் பாதையில், ரப்பர் மரங்களுக்கு நடுவே இருந்த ஒரு தோட்டத்தில் இராசையா சின்னக் கிராணி, கணக்கெழுதுகிறவர். அலுவலகத்தில் பெரிய கிராணிக்கு அடுத்த நாற்காலி. பருத்தித்துறையில் பிறந்து, ஆங்கிலம் படித்து, கப்பலேறி வந்தவர். மனைவி செல்வநாயகியையும் பின்னாலேயே கப்பலில் வரவழைத்துக்கொண்டார். பிள்ளைகள் இல்லை.

தோட்டத்து உத்தியோகத்தர் வீடுகள் இரண்டிரண்டாக ஒட்டிக் கட்டியவை. ஒரே கூரை, நடுவில் ஒரு பலகைச் சுவர். அந்தச் சுவரும் கூரைவரை போகாது. காற்று வந்து போகட்டும் என்று கட்டியவர் மேலே ஒரு முழம் திறந்து விட்டிருந்தார். காற்றைத் தவிர மற்றதெல்லாம் அதன் வழியே வந்து போனது.

முதலில் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவர் ஸ்டோர் கிராணி செல்லப்பா. குடும்பம் இல்லாதவர், இருமுவதைத் தவிர வேறு சத்தம் அறியாதவர். அந்த இருமலைப் பற்றி இராசையா தோட்டத்தில் சொல்லாத ஆள் இல்லை. பிறகு செல்லப்பா மாற்றலாகிப் பாலிங் பக்கம் போனார். போன மறுநாளிலிருந்து, "செல்லப்பர் தங்கமான மனுசன். ஒரு சத்தம் வராது" என்றார் இராசையா. இந்த இனத்தாருக்குப் போன அயலவர் எப்போதும் தங்கம்.

காலியான வீட்டைத் துரை லோரி ஓட்டும் முருகையாவுக்குக் கொடுத்தார். கூப்பிட்டவுடன் லோரி புறப்பட வேண்டும், அதனால் ஓட்டுபவன் அலுவலகத்துக்குப் பக்கத்தில் இருக்கட்டும் என்பது துரையின் நியாயம். முருகையா அந்தத் தோட்டத்துக் கூலிகள் வரிசையாகக் குடியிருந்த லயத்திலேயே பிறந்தவர். தாயும் தகப்பனும் பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்தவர்கள். லயத்துப் பிள்ளை கிராணி வீட்டுக்குக் குடி வருவதா என்று இராசையா ஒரு நாளும் கேட்டதில்லை. படித்தவர், எப்படிக் கேட்பார்? "சத்தம்" என்று மட்டும் சொன்னார்.

சத்தம் இருந்தது, அதை மறுக்க முடியாது. நாள் முழுக்க லோரி இயந்திரத்துக்கு மேலாகப் பேசிப் பழகிய முருகையா, வீட்டுக்கு வந்த பிறகும் இயந்திரத்தை நிறுத்தாதவர்போலவே பேசினார். அவருடைய மனைவி மருதம்மாள் அம்மியில் மிளகாய் அரைத்தால் சுவரில் மாட்டிய படங்கள் ஆடின. அவள் சிரித்தால் பாதியில் நிறுத்தத் தெரியாது. முடிந்துவிட்டது என்று இராசையா பெருமூச்சு விடும் நேரத்தில் மறுபடி எடுப்பாள். சின்னப் பிள்ளைகள் வேறு.

இராசையாவின் வீடோ அமைதியின் உறைவிடம். விடியுமுன் எழுந்து தொண்டையைக் கொப்புளிப்பார். கோழிகள் கூரையிலிருந்து இறங்கிவிடும். பிறகு தேவாரம். சிவபெருமான் கைலாயத்தில் இருப்பதால் அதற்கேற்ற குரலில். பிறகு மரக்கட்டைச் செருப்போடு பலகைத் தரையில் உலாவியபடி ஆங்கிலப் பத்திரிகையை உரக்க வாசிப்பார், உச்சரிப்பு கெடாமல் இருக்க. எதற்கும் மனைவியைக் கூப்பிடுவதென்றால் அவள் பக்கத்து அறையில் இருந்தாலும் பாடாங் செராய் சந்தையில் இருப்பதாகவே எண்ணிக் கூப்பிடுவார். இவற்றுக்கு நடுவே கிடைத்த இடைவெளிகளில்தான் அவர் பக்கத்து வீட்டுச் சத்தத்தால் துன்பப்பட்டார்.

"நாயகி! இஞ்சை வாரும்!"

செல்வநாயகி கையைத் துடைத்துக்கொண்டு வருவாள். "என்னப்பா?"

"கேக்குதோ?"

"என்னது?"

"அங்கை மீன் பொரிக்கினம்."

"பொரிக்கட்டுமன்."

"அதில்லையப்பா. முதல் போட்டது பெரிய மீன். இப்ப போடுறது சின்னன். எண்ணெய் காணாது, அதுதான் இந்தச் சத்தம். மனுசர் இருக்கேலாது இந்த வீட்டிலை."

அவள் ஏதோ சொல்ல வாயெடுப்பாள்.

"உஷ்! கதையாதையும். மருதம்மாள் அவனை என்னவோ கேக்கிறாள்."

இப்படித் துன்பப்பட்டு, துன்பப்பட்டு, அந்த வீட்டில் நடப்பது எல்லாம் இராசையாவுக்கு அத்துப்படி ஆயிற்று. எந்தப் பிள்ளைக்குப் பல் விழுந்தது, முருகையாவின் தம்பி கூலிம் பட்டணத்திலிருந்து எதற்கு வந்தான், ஏன் சாப்பிடாமல் போனான், எல்லாம் தெரியும். அத்தனையையும் இரவுச் சாப்பாட்டின்போது மனைவியிடம் சொல்லி முடித்துவிட்டு, "ஒரு மனுசன் எவ்வளவத்தைத்தான் தாங்கிறது?" என்று கை கழுவுவார்.

ஒரு நாள் பெரிய கிராணி துரைசிங்கத்திடம் போய் நின்றார். துரைசிங்கம் ஓய்வுபெறும் வயதை நெருங்கியவர். எதற்கும் பேனாவைக் கீழே வைக்காதவர்.

"துரையிட்டைச் சொல்லி உவையை வேறை வீட்டுக்கு மாத்தேலாதோ?"

"லோரிக்காரனை மாத்தினால் லோரியையுமெல்லோ மாத்தோணும்?" என்றார் துரைசிங்கம். "ஆளை ஒண்டும் செய்யேலாது இராசையா. சுவரை ஏதும் செய்யும்."

அவர் அதைப் பேச்சுக்குச் சொன்னார். இராசையா அதைக் கட்டளையாக எடுத்துக்கொண்டார்.

முதலில் அரிசிச் சாக்குகளைக் கொண்டுவந்து சுவர் முழுக்க ஆணியடித்துத் தொங்கவிட்டார். சத்தம் சாக்குக்குள் ஒரு நொடி தயங்கிவிட்டு வந்தது. கரப்பான்களும் வந்தன. அடுத்து, சத்தத்தை உறிஞ்சுவதற்கு ரப்பரை விட்டால் வேறு பொருள் ஏது என்று, ஆலையில் கழித்துப் போட்ட ரப்பர் ஷீட்டுகளைக் கேட்டு வாங்கிச் சாக்கின் மேல் அடித்தார். புகை போட்டும் சரியாகக் காயாத ரப்பருக்கு ஒரு வாடை உண்டு. தோட்டத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்குச் சொன்னாலும் விளங்காது. மூன்றாம் நாள் செல்வநாயகி மூக்கில் முந்தானையை வைத்துக்கொண்டு கேட்டாள்:

"சத்தத்துக்குப் பதிலா நாத்தமோ?"

அதையும் பிடுங்கிய பிறகுதான் அவருக்கு அந்தப் பெரிய யோசனை பிறந்தது. இருக்கிற சுவருக்கு ஒரு சாண் இப்பால் இன்னொரு பலகைச் சுவர். இரண்டுக்கும் நடுவில் மரத்தூள், அடியிலிருந்து கூரைவரை. மேலே திறந்திருந்த ஒரு முழமும் அடைபட்டுவிடும். துரைசிங்கம் துரையிடம் அனுமதி வாங்கிக் கொடுத்தார், தன் நிம்மதிக்காக. பலகையும் ஸ்டோரில் கிடைத்தது. மரத்தூளுக்குப் பாடாங் செராய் சீனரின் மரம் அறுக்கும் ஆலைக்குத்தான் போக வேண்டும். அங்கிருந்து அத்தனை மூட்டையையும் கொண்டுவர லோரி வேண்டும். தோட்டத்தில் லோரி ஒன்றுதான். ஓட்டுகிறவரும் ஒருவர்தான்.

"மரத்தூளா? எதுக்குங்கய்யா?" என்றார் முருகையா.

இந்த இனத்தாரின் வீரம் உங்களுக்குத் தெரியாததல்ல. அடுத்த வீட்டுச் சத்தத்தைப் பற்றி ஊர் முழுக்கச் சொல்வார்கள், அடுத்த வீட்டாரைத் தவிர.

"கறையானுக்கு," என்றார் இராசையா.

"கறையானுக்கு மரத்தூளுங்களா?"

"ஓம்."

"போடறதுக்கா, வெரட்டறதுக்கா?"

"விரட்ட."

முருகையா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரிங்கய்யா," என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சுவர் எழும்பியது. கூப்பிடாமலே முருகையா சுத்தியலோடு வந்துவிட்டார். ஆணியடிக்கும்போது பாடுவது அவர் வழக்கம். பாட்டுக்குத் தகுந்தபடி ஆணி இறங்கியது. பிள்ளைகள் மரத்தூள் மூட்டைகளின் மேல் குதித்தன. மருதம்மாள் கோப்பி போட்டுக்கொண்டுவந்து, வாசலிலேயே நின்று, இப்படிப் பிடி, அப்படிப் பிடி என்று அதட்டினாள். இராசையா ஏணியில் நின்று எல்லாருக்கும் மேலாகக் கத்தினார். அப்படி ஒரு சத்தத்தை அந்தத் தோட்டம் கேட்டதில்லை. மூன்று வீடு தள்ளியிருந்த துரைசிங்கம் கையில் பத்திரிகையோடு எழுந்து வந்து, எட்டிப் பார்த்து, வந்த வழியே திரும்பிப் போனார். இராசையாவுக்குத் தலை வலிக்கவில்லை. வலிக்க வேண்டிய காரணம் எதுவும் இல்லை. அது அவருடைய சத்தம்.

கூரையோடு சேரும் கடைசிப் பலகையைப் பிடித்துக்கொண்டிருந்தபோது முருகையா பாட்டை நிறுத்தினார். குரலையும் தாழ்த்தினார். அவருக்குக் குரலைத் தாழ்த்தத் தெரியும் என்பதே இராசையாவுக்கு அன்றுதான் தெரிந்தது.

"ஐயா, ஒண்ணு சொல்லட்டுங்களா? கறையான்னு நீங்க சொன்னப்பவே எனக்கு வெளங்கிருச்சு."

இராசையா கையிலிருந்த ஆணிகளை வாயில் கவ்விக்கொண்டார்.

"எங்களுக்காகத்தானே இம்புட்டும்? காலையில நீங்க தொண்ட கொப்புளிக்கறது, தேவாரம் படிக்கறது, அம்மாவக் கூப்புடறது... எங்களுக்குத் தொந்தரவா இருக்குமேன்னுதானே? நாங்க ஒரு நாளாவது வாயத் தொறந்து சொன்னமா? சின்னவன்தான் மொதமொத பயந்து அழுதான். இப்ப பழகிருச்சுங்க. ஆனாலும் நீங்களா ஒணந்து, சொந்தக் காசப் போட்டு... பெரிய மனசுங்கய்யா."

வாயில் ஆணிகளைக் கவ்விக்கொண்டிருந்ததால் இராசையாவால் பதில் சொல்ல முடியவில்லை. ஆணிகளை எடுத்த பின்பும் முடியவில்லை.

ஆனால் சுவர் வென்றது. அன்று மாலை சாய்வு நாற்காலியில் சாய்ந்து, காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார். ஒன்றுமில்லை. அம்மி இல்லை, மீன் இல்லை, சிரிப்பு இல்லை. எழுந்து போய்ப் பலகையில் காதை வைத்தார். ஒன்றுமில்லை.

"நாயகி! கேக்குதோ?"

"இல்லை."

"ஒண்டுமே கேக்கேல்லை!" என்று தோட்டம் முழுக்கக் கேட்கும்படி மகிழ்ந்தார்.

அந்த மகிழ்ச்சி ஒரு வாரம் இருந்திருக்கும். பிறகு ஒரு நாள் இரவுச் சாப்பாட்டின்போது, வழக்கம்போல் எதையோ சொல்ல வாயெடுத்தவருக்குச் சொல்ல எதுவும் இல்லை. இன்றைக்கு அங்கே என்ன சமையல்? தெரியாது. முருகையா நேரத்தோடு வந்தானா? யாருக்குத் தெரியும்? சின்னவனுக்குக் காய்ச்சல் என்று அலுவலகத்தில் யாரோ சொன்னார்கள். அதையும் ஊரார் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியதாகிவிட்டது. சோற்றைப் பிசைந்தார். மனைவியும் பிசைந்தாள். இத்தனை காலம் அந்த மேசையில் நடந்த பேச்சு முழுவதும் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த சரக்கு என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

காலையிலும் ஒரு சங்கடம். தொண்டையைக் கொப்புளிக்கும்போது அந்தச் சத்தம் அவருக்கே கேட்டது. முதன்முறையாக. தேவாரத்தை எடுத்தால் இரண்டாவது அடியில் முருகையாவின் சின்ன மகன் நினைவுக்கு வந்தான். பாட்டு பாதி ஏறி நின்றுவிட்டது.

அதற்குமேல் இன்னொன்று. மாலையில் வீட்டுக்கு வந்தால் தேநீர் தட்டால் மூடியபடி மேசையில் இருந்தது. வைத்தவளைக் காணோம். அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாள் அவள் பின்கதவால் உள்ளே வந்தபோது பிடித்துக்கொண்டார்.

"எங்கை போனீர்?"

"மருதம்மாவிட்டை."

"அங்கை என்ன இருக்கு?"

"சத்தம்," என்றாள் செல்வநாயகி.

இராசையா அவளைப் பார்த்தார். அவள் உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்து பேசுகிற வழக்கம் இல்லை.

"நீங்கள் கந்தோருக்குப் போனால் இந்த வீட்டிலை நானும் பல்லியும்தான். வந்த புதுசிலை எத்தினை நாள் அழுதிருப்பன் எண்டு தெரியுமோ? செல்லப்பர் இருக்கேக்கை அந்தாளின்ரை இருமல் ஒண்டுதான் எனக்குத் துணை. மருதம்மா வந்தாப்பிறகுதான், சுவருக்கு மேலாலை நாலு கதை கதைச்சு, நானும் சிரிக்கத் துடங்கினனான்."

"சிரிச்சது மருதம்மாளெல்லோ?"

"ரெண்டு பேரும்தான். அவள் நிப்பாட்ட நான் துடங்குவன். நீங்கள் கேட்டதிலை பாதி என்ரை."

அவர் யோசித்துப் பார்த்தார். நிறுத்தத் தெரியாத அந்தச் சிரிப்பில், முடிந்துவிட்டது என்று பெருமூச்சு விட்ட பிறகு மறுபடி எடுத்த குரல் எது? அலுவலகம் விட்டு வரும்போது வாசலிலேயே கேட்கும். அவர் படி ஏறியதும் நிற்கும். தன் மனைவியின் சிரிப்பு எப்படியிருக்கும் என்று எவ்வளவு முயன்றும் அவரால் நினைவுக்குக் கொண்டுவர முடியவில்லை. அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் அவர் பெரிய கிராணியிடம் புகார் சொல்லியிருக்கிறார்.

"அண்ணா அலோர் ஸ்டாருக்கு வரச்சொல்லிக் கனநாளாச் சொல்லுறார்," என்றாள் அவள். "கொஞ்ச நாள் இருந்திட்டு வாறன்."

"எத்தினை நாள்?"

"பாப்பம்."

பருத்தித்துறைப் பெண்கள் கோபத்தில் பேசினால் பயமில்லை. அவர்கள் மெதுவாக 'பாப்பம்' என்றால்தான் பயப்பட வேண்டும். இராசையா பயந்தார். ஆனால் போக வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. எத்தனையோ சொல்லிப் பழகிய வாய். அவள் பெட்டியோடு சுங்கை பட்டாணிக்குப் போய் ரயிலேறினாள்.

இராசையாவுக்கு இப்போது முழு அமைதி. இதைத்தானே அவர் கேட்டார்? முதலில் சுவர்க்கடிகாரம் தொல்லை கொடுத்தது, அதை நிறுத்தினார். பிறகு பல்லி. அதை நிறுத்த முடியவில்லை. "நாயகி, கேக்குதோ?" என்று ஒரு நாள் கேட்டுவிட்டு, தன் குரல் சுவரில் மோதி அங்கேயே விழுந்ததைக் கவனித்தார். மருதம்மாள் கேளாமலே தினமும் ஒரு தட்டுச் சோறு கொடுத்து அனுப்பினாள். மீன் பெரியதாக இருந்தது. பொரித்த சத்தம் தெரியாமல் தின்ற மீனில் அவருக்கு ஏதோ குறைந்தது.

ஒரு ஞாயிறு பகலில் முற்றத்தில் நின்றவர், பக்கத்து வீட்டு ஜன்னல் வழியாக அவர்களைப் பார்த்தார். குடும்பம் முழுக்க வாயைத் திறந்து, தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. வீட்டுக்குள் ஓடிவந்து சுவரில் காதை வைத்தார். மரத்தூள் தன் கடமையைச் செய்தது. எதற்குச் சிரிக்கிறார்கள்? யாரைப் பற்றி? கேட்ட சிரிப்பைத் தாங்கலாம். கேட்காத சிரிப்பை எப்படித் தாங்குவது? மறுநாள் அலுவலக வாசலில் முருகையாவை மறித்தார்.

"நேத்து என்ன, ஒரே சிரிப்பு?"

முருகையாவின் முகம் வாடிவிட்டது. "சிரிப்பா? கேட்டுச்சுங்களா ஐயா? அப்ப சொவரு சரியா வேலை செய்யலியா? தாப்பா, பரவால்ல, இன்னும் ரெண்டு மூட்ட கொண்டாந்து கொட்டிருவோம்."

"வேண்டாம்!" என்றார் இராசையா. அலுவலகத்துக்குள் துரைசிங்கம் நிமிர்ந்து பார்த்தார்.

அன்று மாலை அவர் ஒரு முடிவுக்கு வந்தார். சுவரைப் பிரிக்கப் போவதில்லை, மானம் இருக்கிறது. சின்னதாக ஒரு துளை. புதுப் பலகையில் மார்பு உயரத்தில் ஒரு கணு இருந்தது. அதைத் திருப்புளியால் நெம்பினார். கணு கழன்றது. அதன் பின்னாலேயே மரத்தூள் குழாய் திறந்ததுபோல் கொட்டத் தொடங்கியது. கையால் பொத்தினார். விரல் இடுக்குகளால் கொட்டியது. கையை எடுத்தால் வீடு நிறையும். எடுக்காவிட்டால் அங்கேயே நிற்க வேண்டும். கணுக்கால்வரை மரத்தூளில் புதைந்து, சுவரைப் பொத்தியபடி அவர் நின்றுகொண்டிருந்தபோது முருகையா சோற்றுத் தட்டோடு உள்ளே வந்தார்.

"என்னங்கய்யா, கறையானா?"

ஓம் என்று சொல்லத்தான் இராசையா வாயைத் திறந்தார்.

"இல்லை முருகையா," என்றது வாய். "ஒண்டுமே கேக்கேல்லை."

முருகையா தட்டை மேசையில் வைத்தார். மரத்தூளைப் பார்த்தார், நின்றுபோன கடிகாரத்தைப் பார்த்தார், கடைசியாக அவரைப் பார்த்தார்.

"அம்மா எப்ப வர்றாங்க?"

"தெரியாது."

"நாளைக்கு லோரி அலோர் ஸ்டாருக்குப் போகுதுங்க. இஞ்சின் சாமான் எடுக்கணும்."

இராசையாவின் முகம் மலர்ந்தது. "அப்ப நீர் போய்க் கூட்டிக்கொண்டு வாறீரோ?"

"நானா? நான் லோரிதான் ஓட்டுவேன்," என்றார் முருகையா. "கூப்புடறது நீங்கதான் கூப்புடணும்."

அதன் பிறகு சுத்தியலை எடுத்து, மேலே கூரையோடு அடைத்திருந்த பலகைகளைக் கழற்றினார். பாடிக்கொண்டேதான்.

அலோர் ஸ்டார்வரை இராசையா லோரியின் முன்னால் உட்கார்ந்து போனார். முருகையா வழி முழுக்கப் பேசினார். இயந்திரச் சத்தத்தில் பாதி புரியவில்லை, புரியாததை இராசையா ஒவ்வொரு முறையும், "என்ன? என்ன சொன்னீர்?" என்று கேட்டு வாங்கிக்கொண்டார். மைத்துனர் வீட்டு வாசலில் இறங்கி, படலைக் கதவைப் பிடித்துக்கொண்டு, மனைவியைக் கூப்பிட்டார். மெதுவாகக் கூப்பிட வேண்டும் என்றுதான் நினைத்தார்.

"நாயகி!"

எதிர்வீட்டுச் சீனக் கிழவர் கையிலிருந்த கிண்ணத்தைக் கீழே வைத்தார். செல்வநாயகி வெளியே வந்தாள்.

"சுவர்?" என்றாள்.

"மேலாலை திறந்தாச்சு."

"உள்ளுக்கை கிடந்த மரத்தூள்?"

"அது வெளியாலை வந்திட்டுது."

"தானாவோ?"

"ஓம்."

அவள் லோரியைப் பார்த்தாள். முருகையா லோரிச் சக்கரத்தில் ஏதோ குறை கண்டவர்போல் குனிந்துகொண்டார். அவருடைய தோள்கள் குலுங்கின. அவளும் சிரித்தாள். சிரித்தாள், நிறுத்தினாள், மறுபடி எடுத்தாள்.

இராசையா அந்தச் சிரிப்பை முழுவதும் கேட்டார். முகம் சிவந்து, கண் கலங்கி, சுற்றுமுற்றும் பார்த்தார்.

"மெதுவாச் சிரியுமப்பா," என்றார். "சனம் பாக்குது."

அவள் பெட்டியை எடுக்க உள்ளே போனாள்.

அந்த அளவில் எல்லாம் சரியாயிற்று. காலையில் தேவாரத்தை மட்டும் இராசையா ஒரு நாள் தணித்துப் பாடிப் பார்த்தார். உடனே பின்கதவில் மருதம்மாள் வந்து நின்று, "ஐயாவுக்கு ஒடம்பு சரியில்லியா?" என்று பதறிக் கேட்டாள். மறுநாளிலிருந்து பழையபடி கைலாயம்வரை. வாரம் முடிவதற்குள் அவர் பெரிய கிராணி முன் போய் நின்று, மருதம்மாள் அம்மியில் எதையோ அரைக்கிறாள், மிளகாய் இல்லை, அதைவிடக் கடினமான சரக்கு, மனுசர் இருக்கேலாது என்றார். துரைசிங்கம் பேனாவைக் கீழே வைக்கவில்லை. ஆனால் சின்னக் கிராணியின் முகத்தில் இவ்வளவு தெளிவை அவர் மாதக்கணக்காகப் பார்த்ததில்லை.

இராசையாவைத் திருத்தியிருக்கலாமே என்று கேட்பீர்கள். எதற்கு? துன்பப்படுவதற்கு அடுத்த வீட்டில் சத்தமும், துன்பத்தைச் சொல்வதற்குத் தன் வீட்டில் ஒரு காதும் இருக்கும்வரை இந்த இனத்தார் நீண்ட ஆயுளோடு வாழ்வார்கள். இரண்டில் ஒன்றை எடுத்தாலும் வாடிவிடுவார்கள்.

போகட்டும், நீங்கள் ஒன்று செய்யுங்கள். இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு, உங்கள் பக்கத்து வீட்டில் இப்போது என்ன நடக்கிறது என்று சற்றுக் காது கொடுத்துப் பாருங்கள். என்ன உருளுகிறது, யார் உருட்டுகிறார்கள், எதன் மேல் கோபம் என்று உங்களால் உடனே சொல்ல முடிகிறதா? அப்படியானால் நாம் ஒரே இனம். வாருங்கள், உட்காருங்கள், பேசுவோம். ஒரு சத்தமும் கேட்கவில்லையா? அது இன்னும் மோசம். அவர்கள் உங்கள் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.